பிளஸ் டூ வருடத்து மன அழுத்தம்: உடலுக்குள் என்ன நடக்கிறது, படிப்பில் எதை மாற்றலாம்?

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் 'டென்ஷன்' என்ற சொல் ஓயாமல் புழங்கும். ரிவிஷன் டெஸ்டில் மார்க் குறைந்தால் டென்ஷன், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்காவிட்டால் டென்ஷன், மகள் புத்தகத்தை மூடிவிட்டு மொட்டைமாடியில் நின்றால் அம்மாவுக்கு டென்ஷன். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அதற்குக் கிடைக்கிற அறிவுரைகளும் எப்போதும் அதே இரண்டுதான்: 'டென்ஷன் ஆகாதே', 'இன்னும் கொஞ்ச நேரம் சேர்த்து உட்கார்ந்து படி'. சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முதலாவதை யாராலும் கடைப்பிடிக்க முடியாது. இரண்டாவது, பல நேரங்களில் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மன உறுதி இல்லாதவர்களுக்கும் ஒழுங்காகப் படிக்காதவர்களுக்கும்தான் மன அழுத்தம் வரும் என்ற எண்ணம். அப்படியில்லை. மன அழுத்தம் உடல் செய்கிற ஒரு வேலை. முதல் மார்க் வாங்குகிறவரின் உடலும் அதைச் செய்யும். அது நடக்கும் விதம் தெரிந்தால் இன்னொன்றும் புரியும்: எப்படிப் படிக்கிறோம் என்பதும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்பதும் தனித்தனி விஷயங்கள் அல்ல.

இன்வெர்ட்டரில் ஓடும் வீடு

கரண்ட் போனதும் வீட்டில் என்ன நடக்கிறது? இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்கிறது. ஃபேன் சுற்றும், லைட் எரியும். ஃபிரிட்ஜ், மோட்டார், ஏசி ஓடாது. அவை ரிப்பேர் ஆகிவிட்டன என்று யாரும் நினைப்பதில்லை. இருக்கிற சார்ஜ் அவசரத் தேவைக்கு மட்டும் போகிறது, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டால் ஒரு பாதிப்பும் இல்லை. ஆனால் நாள் கணக்கில் கரண்ட் வராமல் இன்வெர்ட்டரை வைத்தே ஓட்டினால் பேட்டரி இறங்கிவிடும், ஃபிரிட்ஜில் இருப்பதும் கெட்டுப்போகும்.

மன அழுத்தத்தில் உடல் செய்வதும் இதுதான். ஏதோ ஆபத்து என்று மூளை கணக்குப் போட்டவுடன், இப்போதைக்குத் தேவையில்லாத வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, உடனடித் தேவைகளுக்குச் சக்தியைத் திருப்பிவிடுகிறது.

ரத்தத்தில் கலக்கும் இரண்டு செய்திகள்

ஹார்மோன் என்பது ரத்தத்தில் கலந்து போய் உடலின் மற்ற பகுதிகளுக்குக் கட்டளை சொல்லும் வேதிப்பொருள். மன அழுத்தத்தின்போது முக்கியமான ஹார்மோன்கள் இரண்டு. இரண்டுமே சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து வருகின்றன.

முதலில் வருவது அட்ரினலின். நொடிகளில் வேலையைத் தொடங்கிவிடும். இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும். செரிமானம் தற்காலிகமாகத் தள்ளிவைக்கப்படும். பரீட்சை அன்று காலை இட்லி தொண்டையில் இறங்காததற்கும் வயிற்றைப் பிசைவதற்கும் காரணம் இதுதான். 'காலையிலேயே பயந்துட்டியா' என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

இரண்டாவது கார்டிசால். இது மெதுவாக ஏறும். அழுத்தம் தொடங்கி 20 முதல் 30 நிமிடங்களில் உச்சத்தைத் தொடும். கல்லீரலில் சேமித்துவைத்த சர்க்கரையை ரத்தத்துக்குக் கொண்டுவருவது இதன் முக்கிய வேலைகளில் ஒன்று. கொஞ்ச நேரத்துக்கு வந்துபோனால் கார்டிசால் நல்லதுதான், விழிப்பைத் தரும். பரீட்சைக்கு முன் துளியும் பதற்றமே இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது தேவையற்றது.

சிக்கல், இது ஜூனில் தொடங்கி மார்ச் வரை இறங்காமல் இருக்கும்போது. தூக்கம் கெடும். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி, சளி வரும். சில பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். டாக்டரிடம் போனால் எல்லா டெஸ்டும் நார்மல் என்று வரும். வீட்டில் 'நடிக்கிறாள்' என்று சொல்லிவிடுவார்கள். வலி உண்மையானதுதான், அதன் காரணம் மட்டும் ஸ்கேனில் தெரியாது.

சுருக்கமாக: மன அழுத்தம் என்பது உடல் அவசர நிலைக்கு மாறுவது. கொஞ்ச நேரத்துக்கு உதவும். மாதக்கணக்கில் நீடித்தால் கெடுக்கும்.

எது சுவிட்சைப் போடுகிறது?

பாடம் அதிகமாக இருப்பதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பாடச்சுமைக்குப் பங்கு உண்டு. ஆனால் கார்டிசாலை அதிகமாக ஏற்றுபவை வேறு இரண்டு: விளைவு என் கையில் இல்லை என்ற உணர்வு, பிறர் என்னை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இந்த இரண்டும் சேரும்போதுதான் கார்டிசால் மிக அதிகமாக எகிறுகிறது என்று தெரியவந்தது.

ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கு மன அழுத்தத்தை வரவழைக்க ஒரு சோதனை இருக்கிறது. ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1993-இல் வெளியிட்டது. சிரிக்காத, தலையாட்டாத ஒரு குழுவின் முன்னால் ஆளை நிறுத்திப் பேசச் சொல்வார்கள். அப்புறம் 1022-லிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். ஒரு இடத்தில் தவறினால் மறுபடி 1022-லிருந்து தொடங்க வேண்டும். கழித்தல் கணக்கு யாருக்கும் புதிதல்ல. ஆனாலும் நல்ல ஆரோக்கியமான பெரியவர்களுக்கே கார்டிசால் எகிறிவிடுகிறது. கடினம் கணக்கில் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கும் முகங்களில் இருக்கிறது.

இப்போது ஒரு பிளஸ் டூ மாணவியின் வருடத்தை நினைத்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது 'எவ்வளவு வரும்?'. பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அரை மார்க்கில் கல்லூரி மாறிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். மருத்துவம் என்றால் 720 மதிப்பெண்ணுக்கு நீட் தனியாக. ஆகவே அவளுடைய பயம் கற்பனை அல்ல. அதை 'சும்மா பயப்படாதே' என்று தட்டிவிடுவது நியாயமும் அல்ல.

தமிழ்நாடு அரசு 2017-இல் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. 2019 பிளஸ் டூ பொதுத்தேர்விலிருந்து மொத்த மதிப்பெண்ணை 1200-லிருந்து 600-ஆகக் குறைத்தது. ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எடைபோடும் கண்களில் ஒரு பெரிய கூட்டம் அதனால் விலகியது. ஆனால் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் இன்னும் நிற்கிறது, குடும்ப வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது.

'என் கையில் இல்லை' என்ற உணர்வைக் குறைக்க மாணவரிடம் ஒரு நல்ல கருவி உண்டு. அது படிக்கிற முறை. அதற்கு முன்னால், படித்தது ஹாலில் ஏன் மறந்துபோகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

'பிளாங்க்' ஆவது எப்படி?

கேள்வித்தாளைப் பார்க்கிறான். நேற்று இரவு படித்த கேள்விதான். பக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. விடை மட்டும் வரவில்லை. பேப்பரைக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுக்கும்போது முழு விடையும் வரிவரியாக வந்து நிற்கிறது.

அந்த விடை மூளையிலிருந்து அழிந்துபோகவில்லை. அழிந்திருந்தால் சைக்கிள் ஸ்டாண்டில் எப்படி வரும்? எடுக்கிற வேலைதான் தடைபட்டிருக்கிறது. சேமித்த நினைவைத் தேவைப்படும்போது வெளியே கொண்டுவருவதை மீட்டெடுப்பு என்று சொல்லலாம். மூளையின் உட்புறத்தில் உள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. கார்டிசால் அதிகமாக இருக்கும்போது அந்தப் பகுதியின் மீட்டெடுப்பு வேலை தடுமாறுகிறது.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. இந்த நொடியில் மனத்தில் பிடித்துவைத்துக் கையாளும் சின்ன அளவு நினைவுக்குச் செயல்நினைவு என்று பெயர். ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்களுக்கு மேல் அதில் நிற்காது. கணக்கின் அடுத்த வரி, எந்தச் சூத்திரம், எந்தக் குறி என்பதெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். 'இதை விட்டால் கட்-ஆஃப் போச்சு, அப்பா என்ன சொல்வார்' என்ற கவலையும் அதே இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. தெரிந்த கணக்கிலேயே பிளஸ், மைனஸ் மாறிப்போவது பெரும்பாலும் இதனால்.

சுருக்கமாக: ஹாலில் மறப்பது படிக்காததற்குச் சாட்சி அல்ல. நினைவு உள்ளே இருக்கிறது. எடுக்கிற வழி தடைபட்டிருக்கிறது. அப்படியானால் பழக வேண்டியதும் எடுப்பதைத்தான்.

திரும்பத் திரும்ப வாசிப்பது ஏன் ஏமாற்றுகிறது?

நம் பிள்ளைகளில் மிகப் பலர் படிக்கும் முறை ஒன்றுதான். பாடத்தை வாசிப்பது, மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போடுவது, மறுபடி வாசிப்பது. மூன்றாவது தடவை வாசிக்கும்போது எல்லாம் பழக்கமானதாகத் தெரியும். 'தெரிந்துவிட்டது' என்று தோன்றும். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எழுத வருவது வேறு. பரீட்சை கேட்பது இரண்டாவதை.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப நான்கு சுற்று படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் புத்தகத்தைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்துக்கொண்டே இருந்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்பே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்களோ, படித்துக்கொண்டே இருந்தவர்கள். தவறான முறைதான் அதிகத் தைரியம் கொடுக்கிறது. பிப்ரவரி ரிவிஷன் டெஸ்டில் அந்தத் தைரியம் உடையும்போது வரும் அதிர்ச்சி பெரிது.

மன அழுத்தத்துக்கும் இதற்கும் உள்ள நேரடித் தொடர்பை 2016-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு ஆய்வு காட்டியது. சொற்களையும் படங்களையும் சிலர் மறுபடி மறுபடி பார்த்துக் கற்றார்கள்; சிலர் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிக் கற்றார்கள். மறுநாள் இரு பிரிவிலும் சிலருக்கு மன அழுத்தம் வரவழைத்து, கார்டிசால் ஏறியிருக்கும் நேரத்தில் சோதித்தார்கள். பார்த்துக் கற்றவர்களுக்கு நினைவு சரிந்தது. எடுத்துப் பழகியவர்களுக்கு அழுத்தத்தால் குறிப்பிடத்தக்க இழப்பு ஏற்படவில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இந்த முடிவுதான். பதற்றத்தை முழுதாக விரட்ட முடியாது. ஆனால் பதற்றத்திலும் கைவிடாத மாதிரி படித்துவைக்க முடியும்.

ஒரு ஐந்து மார்க் கேள்வியை வைத்துப் பார்ப்போம்

இயற்பியல் முதல் பாடம் நிலைமின்னியல். அதில் மின் இருமுனையின் (சிறு இடைவெளியில் இருக்கும் சமமான, எதிரெதிர் மின்துகள்கள் இரண்டு) அச்சுக்கோட்டில் உள்ள ஒரு புள்ளியில் மின்புலம் காணும் வருவித்தல் (டெரிவேஷன்) உண்டு. ஐந்து மார்க் கேள்வியாக எல்லா கைடுகளிலும் நட்சத்திரக் குறி போட்டிருக்கும்.

முதலில் புத்தகத்தை ஒரு தடவை நிதானமாக வாசியுங்கள். இரண்டு மின்துகள்களும் புள்ளியில் எந்தத் திசையில் மின்புலத்தை உருவாக்குகின்றன, ஏன் கழிக்கிறோம் என்பது புரிகிற வரைக்கும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் படத்தை வரையுங்கள். படம் இல்லாமல் இந்த வருவித்தல் நகராது. முடிந்தவரை எழுதுங்கள். நடுவில் நின்றுவிடுவீர்கள். பெரும்பாலும் இரண்டு மின்புலங்களையும் சேர்த்து எளிமையாக்கும் இடத்தில், அல்லது 'தொலைவு மிக அதிகம்' என்று எடுத்துக்கொண்டு சின்ன உறுப்பை விடும் இடத்தில். உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் திணறுங்கள். அந்தத் திணறல்தான் பாடம் பதிகிற நேரம். பிறகு திறந்து, நின்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடி முடியுங்கள். கடைசி வரியில் மின்புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்த்தகவில் வர வேண்டும். அது வராவிட்டால் எங்கோ தவறியிருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

மறுநாள் ஒரு தடவை, நான்கு நாள் கழித்து ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை இதையே எழுதிப் பாருங்கள். இந்த இடைவெளிகள் கல்வெட்டு அல்ல, முன்னே பின்னே இருக்கலாம். கொஞ்சம் மறக்கத் தொடங்கும் நேரத்தில் எடுத்தால்தான் பலன். ஒரே இரவில் பத்துத் தடவை எழுதுவதைவிட இப்படி விட்டுவிட்டு நான்கு தடவை எழுதுவது மேல்.

ஒரு மார்க் கேள்விகளுக்கும் இதேதான். புத்தகத்தின் பின்பக்க வினாக்களில் விடையை டிக் செய்துவைத்துவிட்டு வாசித்துக்கொண்டிருந்தால் கண் விடையைத்தான் பார்க்கும். ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் பார்த்து விடை சொல்லிப் பழகுங்கள். இயற்பியல் எழுத்துத் தேர்வின் 70 மார்க்கில் 15 இதில்தான் இருக்கிறது.

இந்த முறையில் படிப்பவருக்கு இன்னொரு லாபம்: எது தெரியும், எது தெரியாது என்ற கணக்கு கையில் இருக்கும். 'எல்லாமே மறந்துபோச்சு' என்பதற்குப் பதில் 'ஐந்தாம் பாடத்தில் இரண்டு வருவித்தல் தடுமாறுது' என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்ல முடிகிற அளவுக்கு 'என் கையில் இல்லை' என்ற உணர்வு குறையும்.

தூக்கத்தைக் கடன் வாங்குவது

இதில் வீடுகளோடு சண்டை போடவேண்டியிருக்கிறது. 14 முதல் 17 வயதுக்கு இரவுத் தூக்கம் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பதுதான் நிபுணர்களின் பரிந்துரை. பகலில் கற்றதை மூளை நிலையான நினைவாக மாற்றும் வேலையில் பெரும்பகுதி ஆழ்ந்த தூக்கத்தில் நடக்கிறது. இரவு ஒரு மணி வரை படித்து நான்கு மணிக்கு எழுந்தால், படித்ததைப் பதியவிடாமல் அடுத்ததை மேலே அடுக்குகிறோம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும் நேரமும் தூக்கம்தான்.

பதின்ம வயதில் உடலின் தூக்கக் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் பெரியவர்களுக்கு வருவதைவிட அவர்களுக்குத் தாமதமாகச் சுரக்கிறது. ஒன்பது மணிக்குத் தூங்கு என்றால் தூக்கம் வராது. அதனால் விடிகாலை நான்கு மணிப் படிப்பு எல்லோருக்கும் பொருந்தாது. நேரத்தோடு தூங்குகிற பிள்ளைக்குச் சரி. பதினொன்றரைக்குத் தூங்குகிற பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்பி டீ கொடுத்து உட்காரவைப்பதில் லாபமே இல்லை.

டீ, காபி விஷயமும் சொல்லிவிடுகிறேன். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதிலுள்ள காஃபீனில் பாதி உடலில் இருக்கும். சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டாம்.

விளையாட்டு பீரியடை கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதும் இந்த வகைக் கடன்தான். அரை மணி நேரம் ஓடியாடினால் அவசர நிலையிலிருந்து உடல் இறங்குகிறது. ஷட்டில் ஆடுகிற பிள்ளையிடமிருந்து பேட்டைப் பிடுங்காதீர்கள்.

ஹாலில் முதல் பத்து நிமிடம்

பொதுத்தேர்வில் 10 மணிக்குக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். 10:10 வரை வாசிக்க, 10:15 வரை விவரங்களைச் சரிபார்க்க. அப்புறம் 1:15 வரை எழுதலாம். அந்தப் பத்து நிமிடத்தில் நெஞ்சு படபடத்தால் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட இன்னும் மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத்தின் வேகம் இயல்பாகவே குறையும். நாலைந்து தடவை போதும். பிறகு நன்றாகத் தெரிந்த கேள்வியை மட்டும் தேடுங்கள், அதில் தொடங்குங்கள். வராத விடைக்கு இடம் விட்டுத் தாண்டிப் போங்கள். அரை மணியில் அதுவாக வருவது வழக்கம்.

முந்தின இரவிலோ அன்று காலையிலோ மனத்தில் உள்ள பயத்தையெல்லாம் பத்து நிமிடம் ஒரு தாளில் கொட்டி எழுதுவதும் சிலருக்கு உதவுகிறது. பரீட்சைக்கு முன் இப்படி எழுதியபோது, பதற்றம் அதிகமுள்ள மாணவர்கள் நன்றாக எழுதினார்கள் என்று 2011-இல் வெளியான ஒரு சிகாகோ ஆய்வு சொல்கிறது. செயல்நினைவில் கவலை பிடித்திருந்த இடம் காலியாவது காரணமாக இருக்கலாம்.

அம்மா அப்பாவுக்கு

பரீட்சை முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் கேள்வித்தாளை வாங்கி ஒவ்வொன்றாக விடை கேட்காதீர்கள். முடிந்த பேப்பரில் ஒரு மார்க்கும் கூடாது. அடுத்த பேப்பருக்கான கார்டிசால்தான் கூடும். 'சாப்பிட்டியா, கொஞ்சம் தூங்கு' போதும். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கை இந்த வருடம் முழுக்க வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உறவினர் கேட்டால் பிள்ளைக்குப் பதில் நீங்கள் பதில் சொல்லுங்கள். 'எவ்வளவு படிச்சே?' என்பதற்குப் பதில் 'எந்தப் பாடம் தடுமாறுது?' என்று கேட்டால், உதவ முடிகிற ஒரு பதிலாவது கிடைக்கும்.

படிப்பு முறையால் தீராத நிலை

இதுவரை சொன்னது சாதாரண அழுத்தத்துக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல் போனாலோ, காரணமில்லாமல் அழுதாலோ, நண்பர்களிடமிருந்து ஒதுங்கினாலோ அது டைம்டேபிள் போட்டுத் தீர்க்கிற விஷயம் அல்ல. 'நான் இல்லாமல் போனால் நல்லது' என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், டாக்டரிடமோ மனநல ஆலோசகரிடமோ கூட்டிப்போங்கள்.

மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். பள்ளிக்கல்வி தொடர்பான கேள்விகளுக்கு 14417. மாணவர் மட்டுமல்ல, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அம்மாவோ அப்பாவோகூட 14416-ஐ அழைக்கலாம்.

ரிசல்ட் அன்று தேவைப்படக்கூடிய ஒரு தகவலை முன்கூட்டியே வீட்டில் பேசிவைத்துவிடுங்கள். ஒரு பாடத்தில் 35 வராவிட்டால் அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மே மாதம் முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடக்கிறது. அதில் தேறி அதே வருடம் கல்லூரியில் சேருபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கவும், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கவும் வழி உண்டு. இதை மார்ச்சுக்கு முன்பே, சாதாரணமாக ஒரு சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடுவது நல்லது. ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் அது ஆறுதல் பேச்சாகத்தான் பிள்ளையின் காதில் விழும்.